மூன்று வாளி

நாலு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ்.
லாரி வராத நாளில்
தலைக்கு ஒரு வாளி என்று
சுவரில் கரியால் எழுதி வைத்தது டில்லிபாய்.
எனக்கு மூன்று வாளி ஆனது.
ஊற்ற ஊற்றச் சுழன்று
திரும்பவும் மேலே வந்து நின்றது,
வெளிறிய களிமண் நிறத்தில்,
சுற்றிலும் ஓர் எண்ணெய் வளையம்.

எனக்குத் தெரியாத எண்ணெயா?
கொருக்குப்பேட்டை கேட்டுக்குக் கிழக்கே
பதினோரு வருசமாக பஜ்ஜி போடுகிறேன்.
வேகாத மாவு அடியில் கிடக்கும்,
வெந்தது மேலே வரும்.
நான் படித்தது அவ்வளவுதான்.
இங்கே
வேகாதது மிதந்தது.

"எவ தண்ணி ஊத்தாம வந்தது?"
டில்லிபாய் கத்தும்போது
நானும் சேர்ந்து கத்தினேன்,
கடைசி வீட்டுப் பையன் மேல் பழியைத் தள்ளி.
ஒன்பதாவது படிக்கிறான்.
ஒன்றும் பேசாமல் வாளியை எடுத்துப் போய்
என்னுடையதற்கு அவன் ஊற்றினான்.

ஏழு மாதத்தில்
ரவிக்கை மூன்று தையல் உள்ளே போனது.
"இன்னாக்கா, டயட்டா?" என்றார்கள் வாடிக்கைக்காரர்கள்.
அடுப்புக்குப் பின்னால் நின்று
தூக்குவாளிச் சோற்றை ஒருத்தியே தின்றேன்.
தின்றதற்கு
உடம்பு கணக்குக் காட்டவில்லை.

ஸ்டான்லியில் ஒரு சின்ன வயசு டாக்டர்,
சீட்டைப் பார்த்தபடியே கேட்டாள்:
"குடிக்கிற பழக்கம்?"
"டீ."
அப்போதுதான் நிமிர்ந்தாள்.
"வலி முதுகு வரைக்கும் போகுதா?
மோஷன் மிதக்குதா?"
மிதக்குதா என்று
முதன்முறையாக ஒருவர் கேட்டுவிட்டார்.
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

கணையம் என்றாள்.
இரைப்பைக்குப் பின்னால் படுத்துக்கிடக்கிறதாம்.
கொழுப்பை உடைக்கிற சாற்றை
அதுதான் சுரக்கணுமாம்.
சுரக்கிறதா என்று பார்க்க
ஊசி வேண்டாம், குழாய் வேண்டாம்,
மலம் போதும்.

முதல் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தான்
வண்ணாரப்பேட்டை லேப் இம்தியாஸ்.
"தண்ணியா கீதுக்கா.
இத வெச்சுப் பாத்தா நம்பர் கொறச்சலா காட்டும்,
பொய்யா பூடும்.
கெட்டியா போற அன்னிக்கு எட்தாங்க."
பால்காரனிடம் நான் பேசுவது
இப்படித்தான் இருக்கும்.

நான்கு நாள் கழித்து இரண்டாவது டப்பா.
மூடியிலேயே ஒட்டிய குட்டிக் கரண்டி.
ஜல்லிக்கரண்டி பிடித்துக் காய்த்த கை
சுண்டைக்காய் அளவு அள்ளியது.
ஐஸ் வைத்து,
நாப்கின் வாங்கினால் தருகிற
அதே கறுப்புக் கவரில் போட்டுக் கிளம்பினால்
கேட் மூடிக் கிடந்தது.
ஒரு கூட்ஸ்.
அது போனதும் எதிர்த்திசையில் இன்னொன்று,
டேங்கர் டேங்கராக எண்ணெய்.
என் மடியில் அரை ஸ்பூன்.
ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்
கவரில் கை பட்டு,
"ஜில்லுன்னு கீது. ஐஸ்கிரீமா?" என்றாள்.

நாகபூஷணம், 41, பெண்.
ரேஷன் கார்டிலும் தப்பாக இருக்கும் என் பெயரை
அந்த டப்பாவில்
ஒரு கொம்பு, ஒரு சுழி பிசகாமல்
எழுதினான் இம்தியாஸ்.

நம்பர் வந்தது: அறுபத்திரண்டு.
இருநூறாவது இருக்கணுமாம்.
எந்தப் பரீட்சையிலும்
நான் அறுபத்திரண்டு எடுத்ததில்லை.

முதல் கவளத்தோடு ஒரு மாத்திரை,
பாதிச் சோற்றில் இன்னொன்று.
"பன்னியோட கணையத்துலருந்து எடுக்கிறது,
பரவால்லியா?" தயங்கினாள் டாக்டர்.
"ஞாயித்துக்கெழம எங்கூட்ல அதாம்மா கொழம்பு."

ஐந்தாவது வாரம்,
விடியுமுன் ஒருநாள்,
ஒரு வாளி ஊற்றினேன்.
போய்விட்டது.
குனிந்து பார்த்தேன். வெறும் பீங்கான்.
விளக்கைப் போட்டு இன்னொரு முறை பார்த்தேன்.
இந்தச் சந்தோசத்தை
எந்த வாயால் யாரிடம் சொல்ல?

வெளியே கடைசி வீட்டுப் பையன்
தன் ஒற்றை வாளியோடு நின்றான்.
மிச்சம் இரண்டு வாளியையும்
அவன் பக்கம் நகர்த்தினேன்.
"வெச்சுக்கடா."
தண்ணீரைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
தன் வாளியை மட்டும் தூக்கிக்கொண்டு
உள்ளே போய்
தாழ் போட்டுக்கொண்டான்.